அண்ணனுக்குப் போட்ட ஊசி

19 பிப்ரவரி 1971, வெள்ளி

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 260. சொன்னவர் கிழக்குத் தாம்பரம் டாக்டர் ஏசுதாசன். மாத்திரை இனிக் கேட்பது சந்தேகம், இன்சுலின் ஊசிக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார். தினமும் போட வேண்டும், ஆயுள் முழுக்க. தேர்தல் நேரம், நிருபர் வேலையில் ஓட்டம் அதிகம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மாத்திரையைக் கூட்டி, மார்ச் வரை தவணை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி கிருபாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். அண்ணன் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

20 பிப்ரவரி

லாசரஸ் அண்ணன் இறந்து எட்டு வருடம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நான் நின்றிருந்தபோதுதான் அவனுக்கு இன்சுலின் போட்டார்கள். அந்த வாரமே போய்விட்டான். முதலில் ஊசி, பிறகு சாவு. இந்த வரிசை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. புண்ணாகிப்போன அவன் காலின் வாடையும்.

குளிக்கும்போது நான் என் காலைப் பார்க்காமல்தான் சோப்புப் போடுகிறேன். எத்தனை நாளாக இப்படி?

24 பிப்ரவரி

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, லெந்து, தொடங்கியது. வழக்கம்போல் பகல் முழுக்கப் பட்டினி, மாலை ஆராதனை முடிந்து கஞ்சி. இந்த வருடம் வேண்டாமே என்றாள் கிருபா. இந்த வருடம்தான் வேண்டும் என்றேன்.

6 மார்ச்

சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தேன். சர்க்கரை மிஞ்சினால் செங்கல் நிறம் வரும், குறைந்தால் பச்சை. போன மாதமெல்லாம் செங்கல்தான். இன்று பச்சை. இரண்டாவது தடவையும் பச்சை. கிருபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்தோத்திரம் என்றாள்.

8 மார்ச்

டாக்டரிடம் பச்சையைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. முந்தின நாள் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். லெந்து, கஞ்சி என்றேன். அவரும் எங்கள் சபைதான். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க பார்த்தது உங்க பட்டினியை சார், வியாதியை இல்ல. இதை நியூஸ்னு உங்க ஆபீஸ்ல கொண்டு போய்க் கொடுப்பீங்களா?"

கொடுக்க மாட்டேன். எழுந்து வந்துவிட்டேன். ஊசிக்கும் சரி என்று சொல்லவில்லை.

12 மார்ச்

வாக்கு எண்ணிக்கைச் செய்திகள் முடிந்து மின்சார ரயிலில் வந்தேன். தாம்பரம் மேம்பாலம் இறங்கி வெற்றிலைக்கடையைத் தாண்டும்போது கடைக்காரன் சம்பத் கூப்பிட்டான்.

"இன்னா சார், எலெக்‌ஷன்ல ஒரு செருப்பும் டெபாசிட் பூட்ச்சா?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது? தெரியவில்லை. ஜல்லியில் நடந்திருக்கிறேன், உள்ளங்காலில் ரத்தம், ஒன்றுமே தெரியவில்லை. சம்பத்தும் ரத்தத்தைப் பார்த்துவிட்டான், அப்புறம் சிரிக்கவில்லை. ஓடிப்போய் படிக்கட்டிலிருந்து செருப்பை எடுத்து வந்தான்.

அண்ணனும் ஒருநாள் இப்படித்தான் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தான். நாங்களெல்லாம் சிரித்தோம் — ஐயோ, நாங்க சிரிச்சோமே.

14 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்து வண்டலூர் போனேன், ஞானஜோதி அண்ணியைப் பார்க்க. காலில் கட்டைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு! ஊசி போடச் சொல்கிறார்கள், அண்ணனுக்கு நடந்ததை நினைத்துப் பயமாக இருக்கிறது என்றேன்.

பிறகு சொன்னாள். அண்ணனுக்கு, இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய ஆபீசில் ஒருவர் ஊசி ஆரம்பித்த மாதமே இறந்தாராம். அதனால் மாட்டேன் என்றுவிட்டான். காலில் புண் வந்ததையும் மறைத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதே கால் கறுத்துவிட்டது.

"நீங்க கடைசி நாள்ல வந்தீங்க தம்பி. கடைசி மருந்தைத்தான் பார்த்தீங்க."

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊசியால போனார்னு எல்லாரும் சொன்னாங்க. பிடிவாதத்தால போனார்னு பெண்டாட்டி வாயால எப்படிச் சொல்றது?"

இத்தனை வருடம் நான் நம்பிய செய்திக்கு ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சியும் பாதியில் வந்தவன்.

அப்படியானால் பயம் போய்விட்டதா? இல்லை. ஊசியிலிருந்து காலுக்கு இடம் மாறியிருக்கிறது.

15 மார்ச்

டாக்டரிடம் சரி என்றேன். பட்டினியையும் விட்டேன், ஊசியும் பட்டினியும் சேர்ந்தால் ஆபத்தாம்.

17 மார்ச்

சேலையூரில் எங்கள் தெருவுக்கு ஃபிரிஜ் ஒன்றுதான், துரைராஜ் வீட்டில். மருந்துக் குப்பியைப் பாலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கிருபா கத்திரிக்காயில் குத்திப் பழகுகிறாள். அந்தக் கத்திரிக்காய் குழம்புக்கு வரவில்லை, விசாரித்துக்கொண்டேன்.

19 மார்ச், வெள்ளி

காலை கிருபா தொடையில் முதல் ஊசி போட்டாள். அண்ணி முதல் வண்டியிலேயே வந்துவிட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு குப்பியைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா" என்றாள். அப்புறம் அழுதாள்.

உள்ளங்கால் புண் காய்ந்துவருகிறது. டாக்டர் குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். இடது காலில் தெரிந்தது, வலது காலில் தெரியவில்லை. உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன், உறுதி சொல்லவில்லை. ரத்தம் மறுபடி எடுப்பது 26-ம் தேதி வெள்ளி காலை. முடிவு அன்று மாலை தெரியும்.