கமகுராவுக்கு ஒரு நாள் ஒத்திகை

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பாஸ்போர்ட் நகல் இரண்டு செட் எடுத்தாயிற்று. இவருக்கு முடி வெட்டியாயிற்று. நானும் கூடப் போய் சலூன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஒருமாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

யோகோஹாமாவிலிருந்து மகன் சொக்கு மெசேஜ். நாங்கள் அங்கிருக்கும் பத்து நாளும் லீவு போட்டுவிட்டானாம், ஒரு நாள் தவிர. ஏப்ரல் 2, வியாழன். ஆபீஸில் தவிர்க்க முடியாத வேலை. பிறகு போன் பண்ணினான்.

"ஆத்தா, அன்னைக்கு நீங்களும் அப்பச்சியும் மட்டும் கமகுரா போயிட்டு வந்துருங்க. கடற்கரை ஊரு. ரயில்ல அரை மணிதான். தேவகோட்டைக்குப் போற மாதிரி."

தேவகோட்டையாம்! பெற்ற பிள்ளைக்கு என்ன தெரியும். நான் சொன்னால்தானே தெரியும்.

அவன் அனுப்பிய திட்டம், மறக்காமல் இருக்க:
யோ. ஸ்டேஷன் 9 மணி. கமகுராவில் இறங்கி சின்ன ரயிலுக்கு மாறணும், மூன்றாவது நிறுத்தம்.
பெரிய புத்தர். வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார்.
அங்கிருந்து கடற்கரை, நடை. கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, பருந்து வந்து பிடுங்கிவிடுமாம்.
4 மணிக்குள் திரும்ப ரயில்.

நான் சேர்த்தது: வியாழன் தெற்கே சூலம். மேப்பில் பார்த்தேன், கமகுரா யோ.வுக்குத் தெற்கேதான். பரிகாரம் தைலம். சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய் எடுத்து வைக்க. ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று. அந்த நேரத்தில் எந்த ரயிலிலும் ஏறக் கூடாது.

புத்தருக்கு மேல் முன்னே மண்டபம் இருந்ததாம். கடல் வந்து கொண்டுபோய்விட்டதாம். இதை ஏன் படித்தேன்.

மார்ச் 4, புதன்

இட்லி. மதியம் சுண்டைக்காய் வத்தக்குழம்பு. இவர் இரண்டு தடவை சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். சாப்பிட்டாயிற்று.

ஒன்றையாவது இங்கே நேராக எழுதிவிடுகிறேன், வேறு எங்கேயும் எழுதப்போவதில்லை. தைப்பொங்கல் கழிந்து மதுரை டாக்டரிடம் போனோம். மறதி நோய், ஆரம்பம் என்றார். "பழக்கமில்லாத இடத்துல தனியா விடாதீங்கம்மா." முப்பத்தைந்து வருஷம் மருந்துக் கடை வைத்திருந்த மனுஷர். மாத்திரைப் பெயரெல்லாம் இன்றைக்கும் தலைகீழாகச் சொல்கிறார். கடை இருந்த தெருவுக்குத்தான் வழி தெரியவில்லை.

சொக்குவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை உதறிவிட்டு மறு விமானத்தில் வந்து நிற்பான். நாலு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. எல்லாம் நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது அதற்கு நடுவில் இந்த கமகுரா.

வேண்டாம் என்று சொல்லலாம். "ஏன்"னு கேட்பானே.

பயம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொள்வேன். ரயிலில் அவரை முன்னால் ஏற்றி நான் பின்னால் ஏறுவேன். சரி. ஆனால் கழிப்பறை? ஆம்பிளைக்கு ஒரு பக்கம், பொம்பிளைக்கு ஒரு பக்கம். அந்த ஐந்து நிமிஷம் என்ன செய்வது? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடலாம். நான் இருந்துவிடுவேன். அவர்?

மத்தியானம் ஒரு யோசனை. ஒத்திகை பார்த்துவிட்டால் என்ன? இங்கேயே, காரைக்குடியிலேயே. பழைய பஸ் ஸ்டாண்டு கமகுரா ஸ்டேஷன். டவுன் பஸ் சின்ன ரயில். கொப்புடையம்மன் கோயில் பெரிய புத்தர். அம்மன் மன்னிக்கணும்.

மார்ச் 6, வெள்ளி

ஒத்திகை பார்த்தாயிற்று. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். இவருக்கு நல்ல உற்சாகம். "எங்க உமையா கூட்டிட்டுப் போற?" "ஜப்பானுக்கு" என்றேன். சிரித்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. அவர் போனைத் தொலைத்துவிடக் கூடாது என்று என் பையில் போட்டுக்கொண்டேன். அட புத்திகெட்டவளே.

கோயில் வரை எல்லாம் சரி. முன்னால் ஏறினார், நான் சொன்ன இடத்தில் இறங்கினார், அர்ச்சனைத் தட்டைக்கூட அவர்தான் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று.

திரும்பி பஸ் ஸ்டாண்டு. வேண்டுமென்றேதான் கழிப்பறைக்குப் போனேன். அதுதானே பரீட்சை. பூக்கடை ஓரமாக நிறுத்தி, "இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, தெரியுதா" என்றேன். "நான் என்ன சின்னப் புள்ளையா" என்றார்.

வெளியே வந்தேன். இல்லை.

பூக்காரம்மா: "இப்பத்தான் நின்னாக ஆச்சி. அங்குட்டுத் திரும்பிப் பாத்தேன், ஆளக் காணோம்."

டீக்கடை, பத்திரிகைக் கடை, ஆண்கள் கழிப்பறை வாசல். ஒரு கண்டக்டரை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். மூன்று பஸ்ஸில் ஏறி ஏறி இறங்கினேன். யாரிடமும் பேர் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை, முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம். "வெள்ளச் சட்ட, கண்ணாடி போட்டவுக." எத்தனை பேர் வெள்ளைச் சட்டை! அவர் போனுக்கு நானே அடித்தேன். என் பைக்குள்ளேயே மணி அடித்தது.

எங்கள் தெரு எதிர்த்திசை. இருந்தும் ஓடிப் போய் வீட்டைப் பார்த்தேன். பூட்டு. மறுபடி பஸ் ஸ்டாண்டு. ராகுகாலம் தொடங்கிவிட்டது. போலீஸ் ஸ்டேஷன் போகலாம் என்று திரும்பும்போது கண்டனூரிலிருந்து போன். அங்கே எங்கள் பூர்வீகப் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காளிமுத்து.

"ஆச்சி, பதறாதீக. ஐயா இங்கதான் இருக்காக. ஆட்டோவுல வந்து எறங்கினாக."

போனேன். அந்த வீடு கல்யாணம் காட்சி என்றால்தான் திறக்கும். போன வருஷம் தை மாதம் திறந்தது, அதோடு சரி. பூட்டின கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கோபம்.

"எங்குட்டுப் போயிட்ட? எம்புட்டு நேரமா கதவத் தட்டுறது? ஒரு பயலும் தெறக்கல."

மார்ச் 7, சனி

அந்த ஆட்டோக்காரருக்கு வாழைப்பழமும் சீடையும் கொடுக்கத் தேடிப் போனேன். நல்ல மனிதர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கய்யா போகணும்னு கேட்டேன் ஆச்சி. பட்டுப் பட்டுன்னு சொன்னாக. கண்டனூரு, மாத்தூர்க் கோயிலு, சா.வெ. வீடுன்னு. ஒரு தடுமாத்தம் இல்ல. அப்புறம் நான் என்னத்தச் சந்தேகப்படுறது? கண்டனூர்ல போயி சா.வெ. வீடுன்னேன், சின்னப் புள்ள கூடக் கையக் காட்டுச்சு."

ஆமாம். எங்கள் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதானே. எந்த ஊர், குலத்துக்கு எந்தக் கோயில், வீட்டு இனிஷியல் என்ன. அது மட்டும் இவருக்குத் தவறவே தவறாது. இப்போது குடியிருக்கிற தெரு போய்விட்டது, கடை போய்விட்டது, இது மட்டும் கல்லில் வெட்டினதுபோல் இருக்கிறது. இந்தச் சீமையில் எங்கே தொலைந்தாலும் அதைச் சொன்னால் யாராவது கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். கமகுராவில் கடலோரத்தில் நின்று மாத்தூர்க் கோயில் என்றால்?

சட்டைப் பையில் வைக்க ஓர் அட்டை எழுத உட்கார்ந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில், பெரிய எழுத்தில். எழுதி முடித்துப் படித்தால்:

சா.வெ. பழனியப்பன்
கண்டனூர்
மாத்தூர்க் கோயில்

நானும் அதையேதான் எழுதியிருக்கிறேன். கை தானாக எழுதிவிட்டது. எனக்கென்ன நோய்? கிழித்துப் போட்டேன்.

ஜப்பான் எழுத்தில் வேண்டும். போனில் மாற்றிப் பார்த்தேன், ஏதோ வந்தது. சரியா தப்பா யார் சொல்வது? எனக்குத் தெரிந்து ஜப்பான் பாஷை படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

மார்ச் 8, ஞாயிறு

புழுக்கம். மழை வரும்போல் மூட்டம், வரவில்லை. அதிரசத்துக்குப் பாகு கெட்டுப்போயிற்று.

சொக்குவின் ஞாயிற்றுக்கிழமை போன். இவர் அருமையாகப் பேசினார். சாப்பாடு, குளிர், அங்கே காய்ச்சலுக்கு என்ன மாத்திரை. பத்து நிமிஷம் பிசகே இல்லை. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கமகுராவில் கழிப்பறையெல்லாம் சுத்தமாக இருக்கும் ஆத்தா என்றான். என் வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

சாப்பிட்டபிறகு இவர் கை கழுவாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"உமையா, அந்தக் கடக்கர ஊருக்கு நான் வரல."

"ஏன்? நல்லாத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீக?"

"அங்க நம்ம வீடு யாருக்கும் தெரியாது." தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பயமா இருக்கு."

முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் அவரும், அவருக்குத் தெரியாமல் நானும். எச்சில் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

காலை 7. இவர் குளிக்கப் போயிருக்கிறார். தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

7.20. சொக்குவுக்கு அனுப்பிவிட்டேன். "ராஜா, இதை ஜப்பான் எழுத்தில் எழுதி அனுப்பு: இவர் பெயர் பழனியப்பன். வழி மறந்துவிடும். இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்." கீழே என் நம்பர். வேறு ஒன்றும் எழுதவில்லை.

7.22. நீல டிக்.

7.40. பதில் இல்லை. அங்கே பதினொன்று பத்து. ஆபீஸில் இருப்பான். அனுப்பியிருக்கக் கூடாது. அழித்துவிடலாமா? பார்த்துவிட்டானே.

8.05. படம் வந்தது. ஜப்பான் எழுத்து நாலு வரி. என் நம்பருக்கு மேலே அவன் நம்பர். அடியில் தமிழில், "ஆத்தா, கடைசி வரி நான் சேத்தது. நான் வர்ற வரைக்கும் இவர் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள்னு அர்த்தம்." அதற்கும் அடியில், "எப்ப இருந்து?"

என்ன எழுதுவது என்று உட்கார்ந்திருக்கும்போதே அவன் போன் வந்துவிட்டது. போன் மேஜைமேல். இவர் ஈரத்தலையோடு வந்து எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் விழுந்தது.

"அப்பச்சி?"

"யாரு பேசுறது?"

"நான்தான் அப்பச்சி."

இவர் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அந்த மரியாதைக் குரல். "சரியாக் கேக்கலீங்க தம்பி. நீங்க எந்த ஊரு?"

நேற்றைக்குத்தானே பத்து நிமிஷம் பேசினார். போனைப் பிடுங்கக் கையை நீட்டிவிட்டேன். அதற்குள் சொக்கு மெதுவாக,

"கண்டனூருங்க."

"அட! எந்தக் கோயில்?"

"மாத்தூர்க் கோயில். சா.வெ. வீடு."

"நம்ம வீட்டுப் புள்ளயா!" முகமெல்லாம் சிரிப்பு. "அதச் சொல்ல வேண்டாமா மொதல்லயே. நல்லா இருக்கீகளா தம்பி? உமையா, இங்க வா, நம்ம வீட்டுப் புள்ள பேசுது."

நீட்டின கையை எடுத்துக்கொண்டேன். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் குப்பைக்கூடையைக் கொட்டி, ஜப்பான் எழுத்தோடு சேர்த்து ஒட்ட, சனிக்கிழமை கிழித்துப்போட்ட அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று துண்டு கிடைத்தது. கண்டனூர் இருக்கிற துண்டைக் காணோம்.