கிளாம்ப் மாட்டாத குழாய்

ஜூலை 14, ஞாயிறு, காலை 11.20. நம் பாத்தியில் தக்காளி 212, கத்தரி 38, சுரைக்காய் 6. என் நெற்றியில் தையல் 4. நீ சிறைக்குப் போய் 26 நாள்.

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன், நம்பவில்லை.

நேற்று மாலை நகராட்சித் தோட்டத்தில் நம் பாத்திக்குப் போனால், பக்கத்துப் பாத்தி தொப்பிக்காரரின் மருமகன் கடப்பாரையோடு நிற்கிறான். "எங்க மாமா கைய ஒடச்சிட்டு உங்களுக்குத் தக்காளி கேக்குதாடா" என்றபடி பந்தல் கம்புகளைச் சாய்த்தான். உன் மண்வெட்டி போலீசில் இருக்கிறது. களைக்கொத்துதான் கைக்குக் கிடைத்தது. அவன் விலாவில் ஒன்று போட்டேன். கடப்பாரை முனை என் நெற்றியைக் கிழித்தது. கண்ணெல்லாம் ரத்தம். செடிகள் மேலேயே உருண்டோம். அவன் கழுத்தை நெரித்தான், நான் காதைக் கடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

எழுந்தவன் ஆத்திரம் அடங்காமல் மூன்றாம் வரிசையில் கடப்பாரையை இறக்கி நெம்பினான். நான் புதைத்த சொட்டுநீர்க் குழாய் வெளியே வந்தது. இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லை. அடியில் ஒரே சேறு. அந்த ஈரம் சரிவில் நேராகத் தொப்பிக்காரர் பாத்திக்குப் போகிறது. மூன்றாம் வரிசை மட்டும் ஏன் அப்படிக் காய்த்தது என்று இப்போது தெரிகிறது.

"இதுக்காடா அந்த மனுசன அடிச்சீங்க?" என்றான்.

தினம் 60 லிட்டர் குறைகிறது, அவர் பாத்தி மட்டும் காயவே இல்லை, அவர்தான் நம் தொட்டியில் திருடுகிறார் என்று கணக்குப் போட்டு உன்னிடம் காட்டியவன் நான். "தண்ணிய நான் தொடலப்பா" என்று அவர் கடைசிவரை சொன்னார். நீ என் கணக்கை நம்பி மண்வெட்டியை ஓங்கினாய். அந்தக் கிளாம்ப் என் கருவிப் பெட்டியில், கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது. இந்த லட்சணத்தில் எனக்கு டிப்ளமோ வேறு.

உன் தம்பி

இனி செய்யப் போவது:

1. நாளை வக்கீலிடம் போய், உன்னைத் தூண்டிவிட்டது என் தப்பு என்று எழுதிக் கொடுப்பேன். குழாயைப் படம் எடுத்துவிட்டேன்.
2. தொப்பிக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். செருப்பால் அடித்தாலும் நகர மாட்டேன்.
3. அவர் கைக்கட்டு பிரிக்கும்வரை அவர் பாத்திக்கும் நான்தான் தண்ணீர். அங்கே அவரைக்காய் முற்றுகிறது, முதலில் அதைப் பறிக்க வேண்டும்.
4. வியாழன் உன்னைப் பார்க்க வருவேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பாதியில் எழுந்து மட்டும் போய்விடாதே அண்ணா.