விலை பேசாமல் கொடுத்த பிள்ளை

இயேசு மரி சூசை

இளங்குருமடம்,
28.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகனும் இந்தக் குருமடத்தின் நிரந்தரக் கைதியுமான அந்தோணி சசிகுமார் எழுதுவது. நலம். வழக்கம்போல அதிபர் ஃபாதர் அருள்செல்வன் இதைப் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். (ஃபாதர், அடுத்த வரி இட்லியைப் பற்றியது. தாண்டிப் போய்விடுங்கள்.) கல்லை அப்பமாக்கச் சொல்லிச் சாத்தான் கேட்டானாம். எங்கள் சமையல்காரர் யாரும் கேட்காமலே மாவைக் கல்லாக்கிக் காட்டுகிறார்.

கிறிஸ்துமஸ் லீவு எனக்கு மட்டும் கட். காரணம், குடில். அதைக் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தது அவர்கள் தப்பு. நான் நம்ம ஊர்க் குடிலைக் கட்டிவிட்டேன். சூசையப்பர் பவர்டேபிள் டெய்லர். மாதா கழுத்தில் பனியன் கம்பெனி ஐ.டி. கார்டு. ரெண்டு பேரும் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். வேலம்பாளையத்தில் ஒருத்தரும் வாடகைக்கு வீடு தராததால் வேஸ்ட் துணி குடோனில் பிரசவம். வானதூதர் கம்பெனி வேன் ஓட்டுகிறார், அப்பா மாதிரியே மீசை. மூன்று ராஜாக்களுக்குப் பதில் கோட்டுப் போட்டு, பனியன் கொள்முதலுக்கு வந்த மூன்று வெளிநாட்டு பையர்கள். கையில் பொன், தூபம், ஒரு ஷிப்மென்ட் ஆர்டர்.

ஃபாதர் வயிறு வலிக்கச் சிரித்தார். அப்புறம் கிட்டே போய்ப் பார்த்தார். மூன்று பையர்களுக்கும் இங்கே இருக்கும் மூன்று ஃபாதர்களின் போட்டோவை ஒட்டியிருந்தேன். லீவு போச்சு. கூடவே, எந்தெந்த நாட்டில் இயேசுவை எப்படி எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று இருபது பக்கக் கட்டுரையும் தண்டனை.

இனி விளையாட்டு இல்லை. பிப்ரவரிக்குள் பெரிய குருமடத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். அதில் உங்கள் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அம்மா, எனக்குச் சாமியாராக விருப்பம் இல்லை. மணி அடித்தால் எழு, மணி அடித்தால் தின், மணி அடித்தால் வாயை மூடு. நான் வாயை மூடினால் எனக்கு மூச்சு எங்கே இருந்து வரும்? என்னைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
சசி


உ ✝

வேலம்பாளையம்,
5.1.2025

அன்புக் கண்ணு சசிக்கு அம்மா ஆசீர்வாதம்.

குடில் கதையை அப்பாகிட்டப் படிச்சுக் காட்டினேன். மீசையத் தடவிக்கிட்டே வேனுக்குப் போனாரு. செக்கிங் டேபிள்ல மருதம்மாள் அக்காவும் நானும் சிரிச்ச சிரிப்புல சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க, பீஸைப் பாக்கறீங்களா, படம் பாக்கறீங்களா?"ன்னு கேட்டாரு.

உன் கடைசிப் பத்தியை மட்டும் யாருக்கும் படிக்கலை.

உனக்கு இதுவரைக்கும் முழுசாச் சொன்னதில்லை, கண்ணு. எட்டு மாசத்துல உனக்கு ஜன்னி வந்து ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. உன்னைத் தூக்கிக்கிட்டு அந்தோணியார் கோயிலுக்கு ஓடினேன். அங்க நேர்ந்துக்கற முறை உனக்கே தெரியும். பிள்ளையப் படியில கிடத்துவாங்க. உபதேசியார் ஏலம் விடுவாரு. தாய்மாமனோ சொந்தக்காரங்களோ ஏலத்துல எடுத்துப் பெத்தவ கையிலயே திருப்பிக் குடுப்பாங்க. அப்போ அது அந்தோணியார்கிட்ட விலைக்கு வாங்கின பிள்ளை. அதை எதுவும் அண்டாது.

எனக்கு அப்படிக் கேக்க வாய் வரலை. குடுத்துட்டு வாங்கிக்கறது பாதி குடுக்கற மாதிரி பட்டுச்சு. "விலை பேச மாட்டேன் சாமி, திருப்பி வாங்கவும் மாட்டேன். உசுரோட வைங்க, பெரியவனானா உங்க வேலைக்கே விட்டுர்றேன்"னு சொன்னேன். அன்னைக்குச் சாயந்திரம் நீ பால் குடிச்சே.

அந்த வாய்ல இப்ப எப்படிக் கேக்கறது? நீ சிரிக்கற ஒவ்வொரு சிரிப்பும் அவரு குடுத்தது.

இதோட ஒரு பனியன் அனுப்பறேன். எம் சைஸ். நானே செக் பண்ணினது, ஒரு ஓட்டை கிடையாது.

அம்மா,
நிர்மலா


இயேசு மரி சூசை

இளங்குருமடம்,
14.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பிளஸ் டூவுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ். பொங்கல் பொங்கியது, நான் பொங்கவில்லை, கவனியுங்கள்.

உங்கள் கடிதத்தின் தலையைப் பார்த்து ஃபாதரே சிரித்தார். பிள்ளையார் சுழியும் போட்டு, பக்கத்திலேயே சிலுவையும் போடுகிறீர்கள். பிறந்த வீட்டுக்கு ஒன்று, வந்த வீட்டுக்கு ஒன்று.

தண்டனைக் கட்டுரையை எழுதி முடித்தேன். தென் அமெரிக்காவில் ஒரு மலையூர்க் கோயில் ஓவியத்தில் இயேசுவின் கடைசி இரவு உணவுத் தட்டில் அந்த ஊர்க்காரர்கள் தின்னும் பெருச்சாளி மாதிரியான ஒரு பிராணி வறுத்து வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் சில பேர் அவரைக் குலத்துக்கெல்லாம் மூத்த முன்னோர் என்கிறார்கள். ரோமாபுரிக்காரர்கள் அடிமைச் சந்தையைத் தினம் பார்த்தவர்கள், அதனால் "நம்மை விலை கொடுத்து வாங்கினவர்" என்றார்கள். அவரவர் ஊரில் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் மீட்பு என்பதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பழனாயி அக்கா மகனைத் தவிட்டுக்கு விற்று வாங்கினார்களே, அதையும் நம் ஏலத்தையும் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். ஃபாதர் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கீழே கோடு போட்டிருந்தார்.

அவரிடம் நேரே கேட்டேன். "ஃபாதர், நான் போகலாமா?"

"கேட் பூட்டலையேடா. நான் யாரையும் பிடிச்சு வைக்கலை. உங்க அம்மாகிட்டப் பேசு."

பாருங்கள் அம்மா, கேட் திறந்தேதான் கிடக்கிறது. தாண்டினால் உங்கள் தூக்கம் போய்விடும் என்றுதான் உள்ளே நிற்கிறேன்.

எனக்கு ஒரு யோசனை. திருப்பி வாங்க மாட்டேன் என்று சொன்னது நீங்கள். வேல்குமார் மாமா எதுவும் சொல்லவில்லையே? பிப்ரவரி 11 நம் கோயில் திருநாள். மாமா ஏலத்தில் எடுக்கட்டும். அவர் முருக பக்தராச்சே என்று யோசிக்காதீர்கள், அந்தோணியார் கோயிலில் பாதிக் கூட்டம் அவர்கள்தான்.

உங்கள் (இப்போதைக்கு அந்தோணியாரின்),
சசி


உ ✝

வேலம்பாளையம்,
26.1.2025

அன்புக் கண்ணுவுக்கு,

உன் மாமன்கிட்டச் சொன்னேன். "மீசை வெச்ச கொழந்தைய எப்படீங்க்கா இடுப்புல தூக்கறது?"ன்னு சிரிச்சான். அப்பறம், "பதினொண்ணாந்தேதிதானுங்க? வாரேன்"னுட்டான். அவனுக்கு எல்லாமே லேசு.

எனக்கு லேசா இல்லை. ஏமாத்தற மாதிரி இருக்குது. நான் குடுத்த வாக்கை என் தம்பி கைய வெச்சு உடைச்சா அவருக்குத் தெரியாதா? போன வாரம் கம்பெனியில ஒரு பையன் வண்டியில விழுந்துட்டான். உன் வயசு. அன்னைக்குப் பூரா என் கையில ஒரு பீஸ் நிக்கலை. எல்லாத்துலயும் ஓட்டை இருக்கற மாதிரியே தெரிஞ்சுது.

நீ அங்க இருந்தா கூண்டுல இருக்கறே. வெளிய வந்தா நான் கூண்டுல இருப்பேன். எனக்கு ஒண்ணும் தோணலை கண்ணு. படிவத்தை அனுப்பி வை, பாக்கறேன்.

அம்மா,
நிர்மலா


இயேசு மரி சூசை

இளங்குருமடம்,
2.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று மெழுகுவர்த்தித் திருநாள். இயேசு பிறந்த நாற்பதாம் நாள் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கடவுளுக்குக் கொடுத்தார்கள். தலைப்பிள்ளை கடவுளுக்குச் சொந்தம் என்பது அவர்கள் வழக்கம். ரெண்டு புறாக்குஞ்சைக் காணிக்கை வைத்துவிட்டுப் பிள்ளையை வீட்டுக்கே தூக்கிப் போய்விட்டார்கள். பூசையில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

படிவம் இதோடு இருக்கிறது. என் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போடுங்கள். பெரிய குருமடத்துக்கே போய்விடுகிறேன். நான் வெளியே வந்து தும்மினால்கூட நீங்கள் செத்துப் பிழைப்பீர்கள். அந்த வீட்டில் என்னால் ஒரு ஜோக்கும் அடிக்க முடியாது.

பனியனையும் திருப்பி அனுப்புகிறேன். தலையே நுழையவில்லை. நான் வளர்ந்துவிட்டேன், அம்மா.

சசி


வேலம்பாளையம்,
12.2.2025

கண்ணு சசி,

மேல எதுவும் போடாம ஆரம்பிச்சிருக்கேன். எந்த சாமி பேர்ல ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

நேத்துத் திருநாள். படிவம் பையிலயே இருந்துச்சு. பேனாவும் இருந்துச்சு. பூசை முடிஞ்சு அந்தோணியார் காலடியில வெச்சு எழுதிரலாம்னுதான் போனேன். கூடவே உன் பனியனையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். எதுக்குன்னு கேக்காதே.

மாமனைக் காணோம். போன் பண்ணினா பழனியில நிக்கறான், காவடியோட. "அய்யோ அக்கா, தைப்பூசமுங்க!"ங்கறான். நான் தேதியாச் சொன்னேன், பதினொண்ணுன்னு. அவன் பூசத்தை நட்சத்திரமாத்தான் கணக்கு வெச்சு மாலை போட்டிருக்கான். ரெண்டும் ஒரே நாள்னு அவனுக்கும் தோணலை, எனக்கும் தோணலை. ஒரு காலத்துல தைப்பூசம் என்னைக்குன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஏலம் ஆரம்பிச்சாச்சு. ஆறு கைப்பிள்ளைக. கடைசிப் பிள்ளையும் போனதும், என் காலு தானா நடந்துச்சு. போயிப் பனியனைப் படியில விரிச்சேன்.

"என்னங்க நிர்மலா, கொழந்தை எங்கீங்க?"ன்னாரு உபதேசியார்.

"பன்னெண்டாவது படிக்குதுங்க."

கோயிலே சிரிச்சுது. மருதம்மாள் அக்கா பின்னால இருந்து, "எனக்குத் தண்ணி எடுக்க ஆள் வேணுமுங்க, நூத்தியொண்ணு!"ன்னு கத்துச்சு. நீ இருந்திருந்தா உனக்குப் பிடிச்சிருக்கும்.

ஒரு தரம்னாரு. ரெண்டு தரம்னாரு. அக்கா எடுத்து எனக்கே குடுத்துருமுன்னு தெரியும். அப்படி விட்டிருந்தா என் வாக்கும் நின்னிருக்கும், நீயும் ஊட்டுக்கு வந்திருப்பே. எல்லாம் தெரியும். ஆனா அவரு மூணுன்னு வாயத் தொறந்ததும் எம்பிள்ளைய இன்னொருத்தி எடுக்கறான்னுதான் எனக்குக் கேட்டுச்சு. கைய நான்தான் தூக்கினேன். வாங்க மாட்டேன்னு சொன்ன அதே வாய்ல, அதே படியில, நான்தான் கேட்டேன்.

வேற யாரும் அதுக்கு மேல கேக்கலை.

அப்பறம் அந்தோணியார் மூஞ்சியைப் பாத்து, "எதுவா இருந்தாலும் என்னையக் கேளுங்க சாமி, அவனைக் கேக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, பனியனை மடிச்சு இடுப்புல வெச்சுக்கிட்டு வந்துட்டேன்.

படிவத்துல என் கட்டம் காலியாவே இருக்குது. ஃபாதர்கிட்டக் குடுத்துரு. பரீட்சை முடிஞ்சதும் வா. பகல் பஸ்ல வா. படிக்கட்டுப் பக்கம் உக்காராதே. ஸ்டாண்டுல எவன் வண்டியிலயும் ஏறாதே, அப்பாவை வேனோட அனுப்பறேன். நான் பயப்படுவேன் கண்ணு, அதை மாத்த முடியலை. நீ பாட்டுக்கு ஜோக் அடி. பழகிக்கறேன்.

பனியன் எக்ஸ்எல்லுல ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். தொளதொளன்னுதான் இருக்கும். இருக்கட்டும், இன்னும் நீ வளரணும்.

அம்மா,
நிர்மலா