குரிஹாராவைப் பற்றி எழுதாதே

தைனான்
தைவான்
ஏப்ரல் 19, 1998

அன்புள்ள யாலினுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய், உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. மழைக்கு முன் பிரேக்கைப் பார்த்துவிட வேண்டுமென்று தெருவிலுள்ள ஸ்கூட்டர்களெல்லாம் நம் பட்டறை வாசலில்தான் நிற்கின்றன. ஜப்பானில், அந்த நீகாதாவில் இன்னும் குளிர் விடவில்லை என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ராத்திரி கம்பளிக் காலுறை போட்டுக்கச் சொல்லு. படிக்கப் போனவ படுத்துக்கிட்டு வந்துடப் போறா" என்றார்.

ரயிலில் யாரும் வாயே திறப்பதில்லை, தெருவோர மெஷினில் சூடான காபி டப்பா விழுகிறது, வகுப்பில் நீதான் வயதில் மூத்தவள், பேராசிரியரே உனக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறார். இதையெல்லாம் படித்து நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். முதல் இரண்டு பக்கம் வரை பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது பக்கத்தில் குரிஹாரா வந்துவிட்டான்.

நம் ஊரைப் போலவே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்து, பையைக் கட்டி வைத்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு, சாயங்காலமெல்லாம் கதவருகே காத்திருந்தாயாம். பாட்டு வரவே இல்லையாம். மீன் முள் நாற ஆரம்பித்ததும் எதிர்வீட்டுக் குரிஹாரா வந்து கதவைத் தட்டினானாம். இந்த ஊர் வண்டி சத்தமில்லாமல் வரும், காலையிலேயே பையைக் கீழே கொண்டுபோய்க் காக்கை கொத்தாதபடி வலைக்கு அடியில் வைத்துவிட வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினானாம். உனக்குத்தான் அந்த மொழி தெரியுமே, அப்புறம் கையை எதற்கு ஆட்டுகிறான்? விளக்கியதோடு விட்டானா, பையையும் அவனே தூக்கிக்கொண்டு மாடி இறங்கினானாம். "ரொம்ப நல்ல மனிதர்" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

யாலின், ஒரு பெண்ணின் குப்பைப் பையை ஒருவன் எதற்குத் தூக்குவான் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் சந்துக்கே வண்டி வரும்போது, நான் என் பையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டி உங்கள் முனைக்கு வந்து நின்றவன். உன் கையிலிருந்து பையை வாங்கி வண்டிக்குள் வீசினேன். "உங்க தெருவுல வண்டி வரலியா, இல்ல உனக்கு வேற வேலை இல்லியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய். நானும்தான் ரொம்ப நல்ல மனிதனாக நின்றேன். அதற்கு அடுத்த வருஷமே நமக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அவனுக்கு வயதென்ன, கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் நீ எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. எனக்குப் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஊர் ரயில்மேல் பொறாமை, காபி டப்பாமேல் பொறாமை, ஆனால் இவன்மேல் வயிறே எரிகிறது. இனி உன் கடிதத்தில் அவன் பேச்சே வரக்கூடாது. ஒரு வரிகூட வேண்டாம். உன் குப்பையை நீயே தூக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகப் படி.

உன்
போவென்


தைனான்
மே 12, 1998

என் அன்பு யாலினுக்கு,

உன் இரண்டாவது கடிதம் கிடைத்தது. ஐந்து பக்கம். நடக்க முடியாத கிழவரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கும் முறையைக் கற்றுக்கொண்டாய், தேர்வில் இரண்டாவதாக வந்தாய், கடையில் மாம்பழம் ஒன்றைப் பெட்டியில் வைத்து நகையைப் போல விற்கிறார்கள். எல்லாம் படித்தேன். குரிஹாரா எங்குமே இல்லை.

முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினேன். சென் அக்கா பன்றிக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா அக்கா, ஒரு தடவைதான் சொன்னேன், கேட்டுக்கிட்டா" என்றேன். அக்கா தலை நிமிரவே இல்லை. "எழுதாதேன்னு நீதானே சொன்னே, எழுதல. எழுதலேன்னா ஆள் இல்லாமப் போயிடுவானா, மடையா? இனிமே அங்க என்ன நடந்தாலும் உனக்குத் தெரியாது. போ, போய் வேலையப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து வேலை எங்கே ஓடுகிறது? நேற்று ஒரு வண்டியின் போல்ட்டை முறுக்கி முறுக்கி உடைத்தே விட்டேன். உன் ஐந்து பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம்" என்று ஒரு வரி இருக்கிறது. போனோம் என்றால் யார் யார்? வகுப்புத் தோழிகளாகத்தான் இருக்கும். போன மாதமாக இருந்தால் யார், என்ன சாப்பிட்டீர்கள், யார் வழுக்கி விழுந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருப்பாய். இப்போது ஒரே வரியில் முடித்துவிட்டாய்.

நீ எதையும் மறைக்கத் தெரியாதவள். மனதில் ஒன்றும் இல்லாததால்தானே எதிர்வீட்டுக்காரன் பை தூக்கிய கதையைப் புருஷனுக்கே சிரித்துக்கொண்டு எழுதினாய்? அப்படிப்பட்டவளுக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

போனில் இதைப் பேசமுடியாது. நான் ரிசீவரை எடுத்தாலே அம்மா பின்னால் வந்து நின்று, "எப்ப வராளாம்னு கேளு" என்கிறார். அந்த ஒன்றைத்தான் நான் உன்னிடம் கேட்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன். இரண்டு வருஷப் படிப்பு, நீ முடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

அதனால் போன கடிதத்தில் சொன்னதை மறந்துவிடு. அவனைப் பற்றி எழுது. யார் கதவைத் தட்டினாலும், யாரோடு கடற்கரைக்குப் போனாலும், யார் நல்ல மனிதராக இருந்தாலும் எழுது. படித்துவிட்டு நான் கத்துவேன், சென் அக்காவிடம் போய்ப் புலம்புவேன், இன்னும் நாலு போல்ட் உடையும். உடையட்டும். பொறாமையோடு எப்படியாவது குடித்தனம் நடத்திவிடுவேன். நீ எதை எழுதாமல் விட்டாய் என்று தேடிக்கொண்டு மட்டும் என்னால் இருக்க முடியாது.

குளிர் விட்டிருக்கும். ஆனாலும் காலுறையைப் போட்டுக்கொள். உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அந்த ஊரில் எல்லோரும் உன்னிடம் நல்லவர்களாகவே நடந்துகொள்ளட்டும், அவனும்தான்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
போவென்