சுவர் மட்டும் ஏன் வெள்ளை?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் நலமா என்று இந்த முறை சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் இதை எழுதித் தம்பியின் போனுக்கு அனுப்புகிறேன்.

போட்டோ ஸ்டூடியோவில், படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் தனியாகப் பிரிக்கும் 'மாஸ்க்' போடக் கற்றுக்கொண்டேன். படத்தில் கோடு போட்டு வெட்ட வேண்டாம். ஒரு நிறத்தைச் சொன்னால், அது இருக்கும் இடங்களைக் கம்ப்யூட்டரே பிரித்துக் காட்டும். பழகிப் பார்க்க, தம்பி அனுப்பிய உங்கள் படத்தில் மஞ்சளைத் தேடினேன். உங்கள் இரண்டு கண்களும் பளிச்சென்று வந்து நின்றன.

தம்பியைப் போனில் கூப்பிட்டேன். "பல்பு வெளிச்சம்க்கா, நீ வேற!" என்று சிரித்தான்.

"அப்போ பின்னாடி சுவர் மட்டும் ஏன்டா வெள்ளையா இருக்கு?"

"அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாரு" என்றான்.

கோபமில்லை அப்பா. நாளைக் காலை அவனோடு டாக்டரிடம் போங்கள், அடம் பிடிக்காதீர்கள். போகும்முன் ஜன்னலோரம் நின்று ஒரு படம் அனுப்புங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார். லீவு கேட்டிருக்கிறேன். "எதுக்கும்மா இவ்வளவு தூரம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கே வர வேண்டும் போலிருக்கிறது.

உங்கள் மகள்