கடைச் சாவி என்கிட்ட இருக்கு

ஷிரின் வாப்பா,

கடைச் சாவியைத் தேடி அலமாரியை உருட்ட வேண்டாம். இன்னைக்கு நீங்க கடை திறக்கக் கூடாதுன்னு அது என்னோட கயத்தாறுக்கு வருது. "வாக்குக் குடுத்தாச்சுல்ல, போ"ன்னு நீங்கதான் விரட்டுனீங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் கதை சொல்லி முடிச்சதும் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருவேன்.

வயிற்றுப்போக்கோட நேத்துக் கடையில உக்காந்துட்டு, அங்கன கக்கூஸ் இல்லைன்னு நாள் முழுக்கத் தண்ணியே குடிக்காம இருந்திருக்கீங்க. கேட்டா, "ஏட்டி, குடிச்சாத்தானே போகும்?"னு கட்டின பொண்டாட்டி மேலேயே பாயுதீங்க. குடிக்காட்டாலும் போகத்தான் செய்யும். போன தண்ணியைத் திருப்பி ஊத்தலேன்னா உடம்பு வத்திரும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில கலக்கி, மேசைமேல மூடி வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததும் ஒரு தம்ளர், மெல்ல மெல்லக் குடிங்க. நாளைக்கு மிஞ்சினா, வீணாகுதேன்னு பாக்காமக் கொட்டிருவோம். கஞ்சியும் இருக்கு, பட்டினி கிடக்காதீங்க.

பக்கத்து வீட்டு அப்சானா பத்து மணிக்கு வந்து பாத்துக்கிடுவா. ரத்தம் கண்டாலோ, ஒண்ணுக்கு வராட்டாலோ வெக்கப்படாம அவகிட்டச் சொல்லுங்க. ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா.

கீழ இடமில்லை, ஓரத்துல எழுதுதேன்: காலையில "உனக்கு என்ன தெரியும்?"னு கேட்டீங்க. நேத்து வீட்டுக்கு வந்ததும் வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடி நின்னீங்களே, அப்ப உங்களுக்கு என்னமும் ஆயிருமோன்னு பயந்துட்டேன். இத்தனை கதை சொல்லுதவ, அதை மட்டும் உங்ககிட்டச் சொல்லத் தெரியாமச் சண்டை போட்டுட்டேன். குடிங்க.

பதரு