வேண்டாம் என்று சொன்ன வாய்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் என் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் சாமியிடம் என் வாய் முதலில் கேட்பது அதைத்தான். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆகையால் உன் அப்பா முழு நலம், நான் பாதி நலம் என்று வைத்துக்கொள். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ தொண்டையைச் செருமுவாய், நான் உடனே இன்றைக்கு என்ன சமையல் என்று பேச்சை மாற்றுவேன், நம் இருவரின் லட்சணமும் தெரிந்ததுதானே. அதனால் நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

கிடங்கில் காவலாளியாக இருந்த உன் அப்பாவுக்கு ஓய்வு பெற்ற பிறகு காவல் காக்க நான் கிடைத்திருக்கிறேன். கிட்னி போனவளுக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி மேசைமேல் வைத்துவிடுவார், பொழுது சாயும்வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. போன வாரம் வாய் கொப்பளிக்கிறேன் என்று குளியலறைக்குப் போய் இரண்டு மடக்கு விழுங்கிவிட்டு வெளியே வந்தால் கதவருகே நிற்கிறார், கொப்பளிச்ச சத்தமே வரலியே என்கிறார். சொந்த வீட்டில் தண்ணீர் திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சமையலும் அவர்தான். விடுதியில் அத்தனை பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டவள் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் வெங்காயத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறேன். உப்பில்லாமல் சமைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, உப்பு சேர்த்துக்கொண்ட காலத்திலும் அவர் சமையல் அப்படித்தான் இருந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, பதறாமல் படி. மழைக்காலத்தில் ஒருநாள், இனி டயாலிசிஸுக்கு வர மாட்டேன், போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் கையை நீட்டிக்கொண்டு மிஷின் பக்கத்தில் கிடப்பது, மறுநாள் அலுப்பில் படுத்துக் கிடப்பது, எழுந்தால் திரும்பவும் போவது, இதற்குப் பெயர் பிழைப்பா என்று தோன்றியது. அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடவும் இல்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை, செருப்பைத் தேடினேன். அன்றைக்குப் போனது அவருக்காக. எனக்காகப் போனேன் என்று சொன்னால் பொய்.

டயாலிசிஸ் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் கடிகாரக்காரர் என்று ஒருவர் இருந்தார், கடைவீதியில் கடிகாரம் பழுது பார்த்தவர். அந்த வார்டுச் சுவரில் இருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, எங்களை அதிக நேரம் படுக்கவைத்து ஏமாற்றுகிறீர்கள் என்று நர்ஸிடம் ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பார், எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. அவருக்கு ஒரே மகள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். அவளுடைய கிட்னி அவருக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்தும் மனுஷர் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். அவள் ஒவ்வொரு தடவையும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே நானும் அவரும் பெருமை பேசிக்கொண்டிருப்போம், பிள்ளைகளுக்குப் பாரமாக இல்லை பார்த்தீர்களா என்று. நீ போன முறை வந்து உன் கிட்னியைத் தருகிறேன் என்றபோது, பெத்த புள்ளைய அறுத்துத்தான் நான் உசுரோட இருக்கணுமா என்று நான் கத்தியதையும், நீ சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதையும்கூட அவரிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

போன மாதம் அவர் தவறிவிட்டார். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் அவருடைய போர்வையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள், மிஷின் ஓடும்போது அப்பாவுக்குக் குளிரும், யாருக்காவது ஆகட்டும் என்றாள். என்மேல் போர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்புறம், எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தாம்மா வேணாம்னாரு, ஆனா பொறந்ததுலேர்ந்து அவர்கிட்ட வாங்கிக்கிட்டே இருந்தவ ஒரே ஒரு தடவை குடுக்க வந்தேன், அத வாங்கிக்கவே இல்லியே, இனிமே இத வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது என்று தன் விலாப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அழக்கூட இல்லை. நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் நீதான் நின்றாய்.

விடுதியில் ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனால் அன்றைக்கெல்லாம் எனக்கு மனசு ஆறாது. அப்படிப்பட்டவள் நீ நீட்டிய தட்டைத் தள்ளிவிட்டேன். கொடுக்கிற இடத்தில் இருந்தால்தான் நமக்கு மரியாதை என்று வாழ்ந்துவிட்டேன், வாங்குகிற இடத்துக்கு வந்ததும் வாழ்க்கையே முடிந்துபோனதாக நினைத்துக்கொண்டேன். எனக்கு ஏன் இந்த வியாதி வந்தது என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன், அதற்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை. வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் என் கையில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாக இருக்கிறது. உன் அப்பாவுக்கு வெங்காயம் நறுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பேத்தியை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

டாக்டரிடம் நானே கேட்டேன். ஒரு கிட்னியை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம், ஆனால் கொடுப்பவர் உடம்பை முழுக்கச் சோதித்த பிறகுதான் சம்மதிப்போம் என்றார். மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவள் மனசார சரி என்றால் மட்டும் வா, என் முகத்துக்காகச் சரி என்றால் எனக்கு வேண்டாம். சோதனையில் பொருந்தவில்லை என்றாலும் இடிந்து உட்காராதே, மிஷின் இருக்கிறது, காவல்காரரும் இருக்கிறார், நான் போய்க்கொண்டிருப்பேன். நீ பிறந்ததிலிருந்து இந்தா, இந்தா என்றே உன்னிடம் சொல்லிவந்திருக்கிறேன். முதல் தடவையாகக் கேட்கிறேன், கொடுடா கண்ணா, அம்மா வாங்கிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வண்டியை நிதானமாக ஓட்டு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே, அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே போன் செய்து சொல்லிவிடு. நான் பக்கத்தில் இருந்தால் அவர் அழ மாட்டார், அந்த நேரத்தில் நான் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா